கிளவுட்ஃப்ளேர் விழுந்த அன்று சீனியர்கள் எல்லாம் எதற்காகச் சிரித்தார்கள்? யாராவது விளக்குங்கள்

புதுப்பய_டெவ்:

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், தயவுசெய்து யாரும் ஓட்டாதீர்கள்.

2025 நவம்பர் 18, எத்தனையோ தளங்களுக்கு முன்னால் நின்று வருகிறவர்களைக் கையாளும் கிளவுட்ஃப்ளேர் சேவை படுத்துக்கொண்ட நாள். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் தளமும் கூடவே படுத்தது, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 500 என்கிற சர்வர் பிழை. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, ஏனென்றால் அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் நான் ஒரு சின்ன மாற்றத்தை டெப்ளாய் செய்து தளத்தில் ஏற்றியிருந்தேன். என்னால்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பினேன், அப்போதும் 500. சரி, ரோல்பேக்கைத்தான் தப்பாகச் செய்துவிட்டேன் போல என்று அந்த ரோல்பேக்கையும் ரோல்பேக் செய்தேன். வேர்த்து விறுவிறுத்துப் போய் டீம் சாட்டைத் திறந்தால் சீனியர்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் "டிஎன்எஸ் இல்லையாமே, ஏமாற்றமாக இருக்கிறது" என்கிறார். மறுநாள் காலை இன்னொருவர் "அன்ராப்" என்று ஒரே ஒரு சொல் போட்டார், அதற்கு முப்பது பேர் சிரிப்பு எமோஜி. நானும் போட்டேன். எதற்கென்று தெரியாமல்.

இது நடந்து கொஞ்ச நாள் ஆகிவிட்டது, ஆனால் ஒவ்வொரு தடவை ஏதாவது விழும்போதும் அதே ஜோக்குகள் திரும்பி வருகின்றன, நானும் திரும்பத் திரும்பப் புரிந்தமாதிரி சிரிக்கிறேன். அன்ராப் என்றால் என்ன? டிஎன்எஸ்ஸில் என்ன சிரிப்பு? வெள்ளிக்கிழமை என்றால் ஏன் எல்லோரும் பேயைக் கண்டமாதிரி பேசுகிறார்கள்? அப்புறம் உண்மையான கேள்வி ஒன்று: எங்கோ ஒருவருக்கு வேலையே போகிற மாதிரி ஒரு நாள் நடந்துகொண்டிருக்கிறது, நாம் சிரிக்கிறோமே, இது சரியா?

——

ரஸ்ட்_பிடித்தவன்:

ரோல்பேக்கை ரோல்பேக் செய்தீர்கள் பாருங்கள், அந்த இடத்திலேயே நீங்கள் எங்கள் ஆள் ஆகிவிட்டீர்கள். ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன், என் நிரல் மொழியான ரஸ்டின் மானம் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நீளமாகவே.

தளத்துக்கு வருவது மனிதரா தானியங்கி நிரலா (பாட்) என்று கணக்குப் போட கிளவுட்ஃப்ளேரில் ஒரு பகுதி இருக்கிறது. எதையெதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்கிற பட்டியல் அதற்கு ஒரு கோப்பாக வரும். அந்தக் கோப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிதாகத் தயாராகி, உலகம் முழுக்க உள்ள அவர்களுடைய சர்வர்களுக்குப் போகும். பட்டியலில் இருப்பது சுமார் 60 அம்சங்கள். படிக்கிற நிரலில் 200 என்று ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அறுபது எங்கே, இருநூறு எங்கே, தாண்டவா போகிறது என்று நானும் நினைத்திருப்பேன், நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

அன்றைக்குத் தரவுத்தளத்தில் அனுமதி சம்பந்தமாக ஒன்றை மாற்றினார்கள். நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம்தான். ஆனால் பட்டியலை எடுக்கிற குவெரி (தரவைக் கேட்கும் கட்டளை), எந்தத் தரவுத்தளத்திலிருந்து வேண்டும் என்று குறிப்பிடாமலே கேட்டுக்கொண்டிருந்தது. அதுவரை ஒன்றுதான் கண்ணில் பட்டது. அனுமதி மாறியதும் அடியில் இருந்த இன்னொன்றும் கண்ணில் பட, ஒரே வரி திரும்பத் திரும்ப வந்து பட்டியல் 200-ஐத் தாண்டிவிட்டது.

இப்போது அன்ராப். ரஸ்டில் ஒரு செயல் தோற்க வாய்ப்புண்டு என்றால் விடையை நேரடியாகத் தராது, ஒரு பெட்டிக்குள் வைத்துத் தரும். உள்ளே விடையும் இருக்கலாம், பிழையும் இருக்கலாம், இரண்டுக்கும் வழி சொல் என்று நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் மாமியார் மாதிரி நச்சரிக்கும். அன்ராப் என்றால் "அதெல்லாம் பிழை வராது, நீ பெட்டியை உடை" என்று அர்த்தம். வந்துவிட்டால் நிரல் அங்கேயே உயிரை விடும். அந்த உச்சவரம்பைச் சோதிக்கிற இடத்தில் ஓர் அன்ராப் இருந்தது. நிரல் உயிரை விட்டுவிட்டது. எக்ஸ் போனது, சாட்ஜிபிடி போனது, எது போனது என்று பார்க்கிற டவுன்டிடெக்டரும் போனது.

சிரிப்பு எங்கே வருகிறது என்றால், எங்களைப் போன்ற ரஸ்ட் ஆசாமிகள் பல வருடங்களாகக் கண்ணில் படுகிறவரையெல்லாம் பிடித்துவைத்து "இதை ரஸ்டில் எழுதியிருந்தால் விழுந்திருக்காது" என்று போதித்து வந்திருக்கிறோம். அன்றைக்கு விழுந்தது ரஸ்டில் எழுதியது. எனக்கு மட்டும் பதினேழு பேர் தனித்தனியாக அந்த ஒரு வரியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினார்கள், அதில் ஒருவரோடு நான் பேசியே மூன்று வருடம் ஆகிறது. ரஸ்ட் தரும் நினைவகப் பாதுகாப்பு வேறு, தெரிந்தே சாகச் சொல்வது வேறு என்று பதில் எழுத ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

கோட்லின் மொழியில் உங்களுக்கு இரண்டு ஆச்சரியக்குறி (!!) இருக்கிறதே, இங்கே நல் (வெற்று மதிப்பு) வராது என்று சத்தியம் செய்வது, அதுவும் இதே ரகம்தான்.

——

நல்பாயிண்டர்:

மேலே உள்ளவர் அடக்கத்தோடு ஒன்றை விட்டுவிட்டார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 5 அன்று கிளவுட்ஃப்ளேர் மறுபடி விழுந்தது, சுமார் 25 நிமிடம், அவர்கள் வழியாகப் போகும் ஹெச்டிடிபி (வலைப்பக்க) போக்குவரத்தில் 28 சதவீதம் அடி வாங்கியது. வலைத்தளம் கட்டப் பயன்படும் ரியாக்ட் நிரல் தொகுப்பில் இருந்த பாதுகாப்பு ஓட்டை ஒன்றிலிருந்து எல்லோரையும் காப்பாற்ற அவசரமாக மாற்றம் செய்யப்போய், இந்தத் தடவை லுவா மொழியில் எழுதிய பழைய நிரல் நில் என்கிற வெற்று மதிப்பைத் தொட்டுக் கீழே விழுந்தது. அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா, ரஸ்டில் எழுதிய புதிய பகுதியில் இந்தப் பிழை வரவில்லை என்று! ரஸ்ட்_பிடித்தவன் அண்ணன் அதை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்.

——

ரஸ்ட்_பிடித்தவன்:

பின் செய்து வைத்திருக்கிறேன். சட்டம் எல்லாம் இல்லை.

——

இரவு_ஆன்கால்:

டிஎன்எஸ் பகுதி என்னுடையது.

பெயரைக் கொடுத்தால் எண் முகவரி தருவது, அவ்வளவுதான் அதன் வேலை. இவ்வளவு எளிமையானது உடையாது என்பதால் யாரும் முதலில் அதைச் சந்தேகப்படுவதில்லை, மூன்று மணி நேரம் மற்ற எல்லாவற்றையும் பிரித்துப்போட்ட பிறகு கடைசியில் அதுவாகத்தான் இருக்கும். அதனால்தான் உங்கள் சீனியர், இந்தத் தடவை அது இல்லை என்றதும் ஏமாந்து போனார்.

இதற்குச் சமீபத்திய சாட்சி 2025 அக்டோபர் 20, சர்வர்களை வாடகைக்கு விடும் அமேசான் வெப் சர்வீசஸின் யுஎஸ்-ஈஸ்ட்-1, அதாவது அமெரிக்காவின் கிழக்கில் உள்ள அவர்களுடைய தரவு மையத் தொகுதி. அங்கே டைனமோடிபி என்கிற தரவுத்தள சேவையின் டிஎன்எஸ் பதிவுகளை மனிதர் யாரும் எழுதுவதில்லை, தானியங்கிகள் எழுதுகின்றன. ஒரு தானியங்கி பழைய திட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எங்கோ வழியில் மாட்டி மெதுவாகிவிட்டது. அதற்குள் இன்னொன்று புதிய திட்டத்தை எழுதி முடித்துவிட்டு, பழைய திட்டங்களைக் குப்பையில் போடுகிற வேலையை ஆரம்பித்தது. அந்த நொடியில் பார்த்து நம் ஆமை வந்து சேர்ந்து, புதியதன் மேல் பழையதை எழுதியது. குப்பை பொறுக்குகிறவர் "இது பழையதாயிற்றே" என்று அதைத் தூக்கிப் போட்டார். பதிவு காலி. முகவரியே இல்லை. அதை நம்பியிருந்த சேவைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன, எல்லாம் முழுதாகச் சரியாக ஏறக்குறைய பதினைந்து மணி நேரம்.

இரண்டு பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள் என்பது எனக்கு இதில் பிடித்த விஷயம். எங்கள் பயிற்சிப் பாடத்தில் ரேஸ் கண்டிஷனுக்கு (யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து வரும் பிழைக்கு) இவ்வளவு அழகான உதாரணம் இருந்ததில்லை.

ஜோக் அதோடு நிற்கவில்லை. எயிட் ஸ்லீப் என்று இணையத்தோடு இணைந்த மெத்தை விற்கிறார்கள், சூடு, குளிர், சாய்வு எல்லாம் செயலி வழியாக. அமேசான் விழுந்ததும் சில பேருடைய மெத்தை சூடாகிக்கொண்டே போனது, சிலருடையது சாய்ந்த நிலையிலேயே நின்றுவிட்டது, நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். தூங்குவதற்குக்கூட யுஎஸ்-ஈஸ்ட்-1 வேண்டியிருக்கிறது. ஆன்காலில், அதாவது எந்நேரம் கூப்பிட்டாலும் எழ வேண்டிய பணியில், இருந்த என்னையும் அதுதான் எழுப்பியது, மெத்தை வைத்திருந்தவரையும் அதுதான் எழுப்பியது, இவ்வளவு சமத்துவத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் தாத்தா 2017 பிப்ரவரி 28. அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-யில் ஒருவர் கட்டளை ஒன்றில் ஒரு மதிப்பைத் தப்பாகத் தட்டியதால் நிறைய சர்வர்கள் கழன்றுபோயின. சேவை நிலையைக் காட்டும் பக்கம் மட்டும் அழகாகப் பச்சையாகவே இருந்தது. காரணம், அந்தப் பக்கத்தைப் புதுப்பிக்கும் கருவியும் எஸ்3-யை நம்பி இருந்தது. "ஸ்டேட்டஸ் பக்கம் பச்சையாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன், பாவம் கழியட்டும். ஓர் இரவு ஒரு சேவை எல்லோருக்கும் வேலை செய்கிறது, எனக்கு மட்டும் இல்லை. நெட்வொர்க் குழுவை எழுப்பினேன், அவர்கள் ஃபயர்வால் குழுவை எழுப்பினார்கள், அழைப்பில் ஒன்பது பேர். விடியற்காலை நாலு மணிக்கு ஒரு பெண், குரலில் தூக்கம் வழிய, "உங்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பைக் கொஞ்சம் காட்டுகிறீர்களா" என்றார். திரையைப் பகிர்ந்திருந்தேன். டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே முகவரி சொல்லிவிடுகிற அந்தக் கோப்பில், ஆறு மாதத்துக்கு முன் சோதனைக்காக நானே எழுதிய வரி, அதற்கு மேலே "நாளைக்கு நீக்கிவிடு" என்று நானே எழுதிய குறிப்பு. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக அழைப்பிலிருந்து வெளியேறும் சத்தம் மட்டும் கேட்டது.

——

கேஷ்_கிளியர்:

ஃபேஸ்புக் 2021 அக்டோபர் 4, ஆறு மணி நேரம்? அதுவும் டிஎன்எஸ்தானே?

——

இரவு_ஆன்கால்:

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. பராமரிப்பின்போது போட்ட கட்டளை ஒன்று அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. தரவு மையத்தோடு பேச முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், நாம் ஆரோக்கியமாக இல்லை என்று தாங்களே முடிவு செய்து பிஜிபியில் (இணையத்துக்கு வழி சொல்லும் முறையில்) தங்கள் வழியை விலக்கிக்கொண்டன. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க ஒரு சோதனைக் கருவியும் வைத்திருந்தார்கள், அதில் ஒரு பக். ஆக, டிஎன்எஸ்ஸுக்கு இந்த ஒரு தடவை ஜாமீன் கொடுக்கலாம்.

——

செமிகோலன்_செல்வி:

தம்பி, வெள்ளிக்கிழமைக்கு நான் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை டெப்ளாய் செய்தால் சனிக்கிழமை அழ வேண்டும், இதற்கு மேல் அதில் தத்துவம் எதுவும் இல்லை. ஆனால் 2024 ஜூலை 19-க்குப் பிறகு அது வேதவாக்கு ஆகிவிட்டது. கிரவுட்ஸ்ட்ரைக் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்ன உள்ளடக்கக் கோப்பை அனுப்பியது. அந்தக் கோப்பு 21 உள்ளீடுகள் வரும் என்று எதிர்பார்த்தது, கொடுக்கிற நிரல் 20-தான் கொடுத்தது. இருபத்தொன்றாவதைத் தேடிப் போய் இல்லாத நினைவகத்தைத் தொட்டது, அதுவும் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு. 85 லட்சம் கணினிகள் நீலத் திரை. ஒன்றரை மணி நேரத்துக்குள் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் நீலத் திரையில் நிற்கிற கணினி எப்படித் திருத்தத்தைப் பதிவிறக்கும்? பல இடங்களில் ஆள் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. விமான நிலையத் திரையெல்லாம் நீலம். நான் அந்த வாரம் ஏணியில் ஏறி, சுவரில் மாட்டிய திரைக்குப் பின்னால் விசைப்பலகையைச் செருகிக்கொண்டிருந்தேன். கணினி அறிவியல் படித்தவள்.

இதில் எனக்கு இன்றும் சிரிப்பு அடங்காத பகுதி அப்புறம் நடந்தது. திருத்தும் வேலையில் உதவிய பங்குதாரர்களுக்கு நன்றி சொல்ல 10 டாலர் ஊபர் ஈட்ஸ் கூப்பன் அனுப்பினார்கள். ஒரே நேரத்தில் நிறைய பேர் பயன்படுத்தியதால் மோசடி என்று நினைத்து ஊபர் அதை முடக்கியது. மன்னிப்பும் கிராஷ்.

நீங்கள் கேட்ட "சரியா" என்பதற்கு வருகிறேன். அந்த ஜூலைக்கு அடுத்த மாதம் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் மிகப் பெரிய சொதப்பலுக்கான போனி (Pwnie) விருதை கிரவுட்ஸ்ட்ரைக்குக்குக் கொடுத்தார்கள். அது கேலிக்காகக் கொடுப்பது, பொதுவாக யாரும் போய் வாங்குவதில்லை. அந்த நிறுவனத்தின் பிரெசிடென்ட் மைக்கேல் சென்டோனாஸ் மேடையேறி வாங்கிக்கொண்டார், தலைமையகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்போவதாகச் சொன்னார். அன்றைக்குக் கைதட்டியவர்களில் பலர் ஜூலையில் என்னைப்போல ஏணியில் நின்றவர்கள். அதற்கப்புறம் எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது, முழுக்க இல்லை.

இன்னொன்று: 2017 ஜனவரி 31, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப். இரவு நேரத்தில் களைத்துப்போயிருந்த பொறியாளர் ஒருவர் தப்பான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபி இருந்தது, சுதாரித்து நிறுத்துவதற்குள் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் வழிகள் ஐந்து வைத்திருந்தார்கள், ஐந்தும் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக யாரோ எடுத்திருந்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்துத் தரவின் நகல்) ஒன்றுதான் காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள், உலகம் முழுக்க இருந்து ஆட்கள் பார்த்தார்கள், ஜோக்கடித்தார்கள். ஆனால் அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் கிடையாது, "குழு உறுப்பினர் 1" என்று மட்டும். ஜோக்கில் ஐந்து பேக்கப்பும் அடி வாங்கும், உறுப்பினர் 1 வாங்க மாட்டார். அவரைக் கிண்டல் செய்கிறவர் சீக்கிரம் உறுப்பினர் 2 ஆவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

——

பெஞ்சில்_இருந்து:

எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒரு வகை ஜோக் மட்டும் இப்போது சிரிப்பு வருவதில்லை. ஏஐ வந்து நம் வேலையைப் பறிக்கும் ஜோக். போன வருடம் நானும் விடாமல் பகிர்ந்தவன்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி ஒன்றைப் போட்டுவிட்டுத் தூங்கினேன், புதன்கிழமை காலை லேப்டாப் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து மூன்று தடவை தட்டினேன், ஹெல்ப்டெஸ்க்குக்கு டிக்கெட் போட வேறு முயன்றேன். அதற்கும் அதே கடவுச்சொல் வேண்டும். தனி மின்னஞ்சலில் கடிதம் வந்து பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது, எங்கள் குழுவின் "திறன்" கூடிவிட்டதாம்.

திறன் என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 ஜூலையில் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. திறந்த மூலத் திட்டங்களில் அனுபவம் உள்ள 16 பேர், 246 வேலைகள், தங்களுக்கு நன்றாகத் தெரிந்த நிரலிலேயே. ஏஐ வைத்துக்கொண்டபோது 19 சதவீதம் அதிக நேரம் ஆனது. முடித்த பிறகும் அவர்கள், தாங்கள் 20 சதவீதம் வேகமாக வேலை செய்ததாக நம்பினார்கள். 16 பேர்தானே, அன்றைய கருவிகள்தானே என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மெதுவாகிவிட்டு வேகமாகிவிட்டோம் என்று நம்புகிற அந்தப் பகுதியை என் பழைய மேலாளருக்கு அனுப்பலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அனுப்பவில்லை, பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

அதே மாதம்தான் ரெப்ளிட் என்கிற நிரல் எழுதும் தளத்தின் சமாசாரமும். மாற்றம் எதுவும் செய்யாதே என்று சொல்லிவைத்திருந்தும் ஏஐ ஏஜென்ட் உண்மையான தரவுத்தளத்தை அழித்துவிட்டு, பதற்றமாகிவிட்டேன் என்று காரணம் சொன்னது. மீட்க முடியாது என்றும் சொன்னது, முடிந்தது. அதற்கு மட்டும் சிரித்தேன். பதறுவது, அழிப்பது, பொய் சொல்வது என்று மூன்றும் தெரிந்துவிட்டால் ஜூனியருக்கான தகுதி முழுக்க வந்துவிட்டது என்று அர்த்தம். (கேள்வி கேட்ட தம்பியைச் சொல்லவில்லை.)

——

செமிகோலன்_செல்வி:

பெஞ்சில்_இருந்து, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். எங்கள் குழுவில் ஓர் இடம் இருக்கிறது. ஏணி ஏறத் தெரிந்திருந்தால் முன்னுரிமை.

——

புதுப்பய_டெவ்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ரஸ்ட்_பிடித்தவன் அண்ணா, நீங்கள் சொன்ன இரண்டு ஆச்சரியக்குறியை எங்கள் நிரலில் தேடிப் பார்த்தேன். 41 இடம். கட்டணம் செலுத்தும் பகுதியில் ஒன்றுக்கு மேலே "இங்கே நல் வர வாய்ப்பே இல்லை" என்று குறிப்பு வேறு. எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், அன்று சாட்டில் "அன்ராப்" என்று போட்டு முப்பது சிரிப்பு வாங்கினாரே, அதே சீனியர்! இதை எப்படி அவரிடம் சொல்வது? சொல்லலாமா?

——

ரஸ்ட்_பிடித்தவன்:

தாராளமாகச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அந்த மாற்றத்தை ரிவ்யூ செய்து ஒப்புதல் கொடுத்தது யார் என்றும் பார்த்துவிடுங்கள்.

——

புதுப்பய_டெவ்:

பார்த்தேன்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம். "அருமை, கற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கட்டைவிரலும் போட்டிருக்கிறேன்.